நாலு குதிரைவலு

"தம்பி, என்ர காருக்கு நாலு குதிரைவலு கூட்டித் தா."

பலெர்மோ நகரின் பிரான்காச்சோ பகுதிக் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் விமலராஜ், எமிலியானுஸின் குட்டிக் காரைச் சுற்றிப் பார்த்தான்.

"தனி ஆளுக்கு இதுவே காணும் அண்ணை. றேஸ் ஓடப் போறியளோ?"

"சீச்சீ. சாந்தா றொசாலியா மலைக் கோயிலுக்கு ஏற வேணும்."

"காபரேற்றரை மாத்திப் பாக்கலாம். அதென்ன கணக்கா நாலு?"

எமிலியானுஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் பலெர்மோ வந்து ஆறு வருடம். இப்போதுதான் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் விசா கிடைத்திருந்தது.

"ஆளுக்கு ஒண்டு" என்றார்.

குதிரைவலுவை அப்படி எண்ணுவதில்லை என்று சொல்ல வாயெடுத்த விமலராஜ், கடிதத்தை இன்னொரு தரம் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஆறு வருசத்துக்குப் பிறகு அக்கா வாறா. நான் ஐஞ்சாக் கூட்டி விடுறன் அண்ணை. அடுத்த வருசம் தேவைப்படும்!"