விஜி ஏன் எடுக்கவில்லை?

பஸ் நந்தனத்தைத் தாண்டும்போதுதான் சாருலதாவுக்குத் திக்கென்றது. அடுப்பில் பால்! அணைக்காமலே கிளம்பிவிட்டாள். போனும் வீட்டிலேயே கிடக்கிறது.

இன்னொரு சாவி எதிர்வீட்டு விஜியிடம் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அவளுடையதுதான். பக்கத்து சீட் பெண்ணிடம் போன் வாங்கி அடித்தாள். விஜி எடுக்கவில்லை. கண்டக்டர் போனிலிருந்தும் அடித்தாள்.

"இன்னாமா, எடுக்கலியா?"

"வீடே எரிஞ்சுடும்பா, இறக்கி விடுப்பா!" அழுதேவிட்டாள்.

அக்கா பெண்ணின் நிச்சயதார்த்தமாவது ஒன்றாவது! ஆட்டோ பிடித்து மயிலாப்பூருக்குத் திரும்பினாள். வழியெல்லாம் டிரைவர் போனிலிருந்து விஜியைக் கூப்பிட்டாள். பதிலே இல்லை.

கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை. இருமிக்கொண்டே ஓடி அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் மேலே மாட்டியிருந்த துணி பற்றியிருக்கும்.

எதிர்வீட்டுக் கதவை இடித்தாள்.

"எங்கேடி தொலைஞ்சே? எத்தனை தடவை கூப்பிட்டேன், தெரியுமா?"

விஜி சிரித்த முகத்தோடு போனும் கையுமாக நின்றாள்.

"ஒரு மணிகூட அடிக்கலையேடி! தெரியாத நம்பர்லேர்ந்து வந்தா அடிக்கவே அடிக்காதபடி காலம்பற நீதானே என் போனைச் சரிபண்ணிக் கொடுத்தே? 'அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் காட்டு'ன்னு சொல்லிண்டே பண்ணிட்டு, நேரமாச்சுன்னு அப்படியே பஸ்ஸுக்கு ஓடினியே!"