வாரியலுக்கு ஒரு கம்பு

யுத்தம் தொடங்கிய வருஷத்துச் சாரலில், பலவேசத்தின் அய்யா கிணற்றடிக்குப் போகும் கல் பாவிய வழியில் பாசி வழுக்கி விழுந்தார். இடுப்பு ஒடிந்துவிட்டது. படுத்தவர் எழுந்திருக்காமலே போய்விட்டார். பாசியைத் தேய்த்துவிடச் சொல்லி மகனிடம் பல தடவை கேட்டிருந்தார். பலவேசத்துக்குக் குற்றாலம் போய் அருவியில் குளிக்க நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

மறுவருஷமும் சாரல் விழுந்தது. முற்றம் முழுக்கப் பாசி பிடித்தது. அந்த வழி மட்டும் விடியும்போது மணல் போட்டுத் தேய்த்துக் கிடந்தது. கட்டை வாரியல், குட்டையாகத் தேய்ந்த துடைப்பம், ஈரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா பயமில்லாமல் நடந்து போய்த் தண்ணீர் இறைத்தாள்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். "பெத்தவ விழுந்திரக் கூடாதுன்னு என்னமாத் தேய்க்கான்! பிள்ளைன்னா இப்படியில்லா இருக்கணும்."

பலவேசம் ஈர வாரியலைப் பார்த்தான். தேய்த்தது அவன் இல்லை.

அவள் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னாள். "அந்த வாரியலுக்கு நீளமா ஒரு கம்பு கெட்டிக் குடுலே. இடுப்பு ஒடிஞ்ச மனுசன் எத்தன நாளைக்குக் குனிஞ்சு தேய்ப்பாரு?"

சாயங்காலமே மூங்கில் கம்பு வெட்டிக் கட்டினான். நாளை முதல் தானே தேய்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தான்.

இருள் பிரியுமுன் எழுந்து அறைக் கதவைத் திறந்தான். மூங்கில் நனைந்திருந்தது. கிணற்றடி வழி தேய்த்துக் கிடந்தது. அங்கிருந்து முற்றத்தைக் கடந்து, அவன் கால் வைக்கப் போகும் வாசற்படி வரைக்கும் புதிதாகத் தேய்த்திருந்தது.