பக்கத்து சீட்டுக்காரர்

தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பெல்ட்டையும் இழுத்துப் பூட்டினார்கள். சவரிராயனால் மூச்சுவிட முடிந்தது, அவ்வளவுதான்.

"இதக் கழட்டணும்னா எப்படி கண்ணு?" என்று கேட்டார்.

"நாங்க வந்துதான் கழட்டணும் மாமா. பழைய பூட்டு, உங்க கைக்கு வராது" என்றாள் அன்பரசி. கதவைச் சாத்தி, ஜன்னலோரம் கேமராவை நிறுத்தினாள்.

நல்லா வந்து மாட்டிக்கொண்டார் மனுஷர். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே, மலை ரோட்டில் நின்றிருந்தது படம் எடுக்கக் கொண்டுவந்த அந்த ரேஸ் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளே இல்லை, வண்டி ஓடப்போவதும் இல்லை. இருந்தும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

அன்பரசி எடுத்துக்கொண்டிருந்தது அவளுடைய அப்பாவைப் பற்றிய ஆவணப்படம். ஜேக்கப் என்றால் ஒரு காலத்தில் ரேஸ் பைத்தியங்கள் எழுந்து நின்று கைதட்டும். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், இதே ரோட்டில் நடந்த போட்டியில் அவர் கார் பள்ளத்தில் உருண்டது. அப்போது அன்பரசி அம்மா வயிற்றில் நாலு மாசம்.

ஜேக்கப் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், பக்கத்தில் மனைவி ஜோஸ்பின் மட்டும். காரில் கூடப் போன சவரிராயனுக்கு நினைவு திரும்பியபோது அடக்கமே முடிந்திருந்தது. தலைக்கனம், வளைவிலும் வேகத்தைக் குறைக்காமல் போய்ச் செத்தான் என்று பேப்பரில் எழுதினார்கள். ஊரும் அதையே பேசியது. படத்தின் முடிவிலும் அதுதான் வரப்போகிறது.

அது பொய். அந்தப் பொய்யை இத்தனை வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறவர் சவரிராயன்.

"இந்தாங்க மாமா, அன்னைக்கு நீங்க வெச்சிருந்த நோட்டு. போலீஸ்ல திருப்பிக் குடுத்தது, அம்மா பீரோவுல இருந்துச்சு. அப்பாவுக்குப் படிச்ச மாதிரியே படிங்க."

மலை ரேஸில் ஓட்டுகிறவர் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை. அடுத்து வருவது எத்தனை மீட்டர் நேர் ரோடு, எந்தப் பக்கம் வளைவு என்று பக்கத்து சீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலை நம்பித்தான் காலை அழுத்துவார் ஓட்டுகிறவர்.

சவரிராயன் நிமிர்ந்து பார்த்தார். ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜோஸ்பின் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பரசி பிறந்தவுடன் வூட்டுக்கே வந்து, "நீங்கதாங்கண்ணா புள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்கணும்" என்று கேட்டவள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஞானஸ்நானத்தன்று கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றார், அதன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனுஷர். கிறிஸ்துமஸ் என்றால் போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அவருக்கு இருப்பது அந்த ஒரு வூடுதான். உண்மையைச் சொன்னால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். சொல்லாவிட்டால், பெற்ற மகள் எடுத்த படமே அப்பன் மேல் பழியைப் போட்டுவிடும்.

"ஆரம்பிங்க மாமா."

"நேர் எழுவது. வலது, மெதுவா. நேர் முப்பது" என்று படித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். இருபத்தாறாம் பக்கம் முடிந்ததும் கை நின்றுவிட்டது.

அடுத்த தாளையும் அதற்கடுத்த தாளையும் சேர்த்துப் புரட்டிவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? விரல்கூட அதற்குத் தயாராகிவிட்டது. அன்பரசி நம்பிக்கையாகத் தலையை ஆட்டினாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒற்றைத் தாளைப் புரட்டினார்.

"இடது. கொண்டை ஊசி வளைவு. பிரேக்கு" என்றார். நோட்டை மடியில் வைத்தார். "இதை அன்னைக்கு நான் படிக்கலை கண்ணு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"வண்டி குலுங்குனதுல ரெண்டு தாளு ஒண்ணா திரும்பிடுச்சு. நேர் ரோடுன்னு சொல்லிட்டேன். உங்கப்பன் என்னை நம்பி காலை அழுத்துனான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. கொன்னது நான்தான்."

கேமராவை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றாள் அன்பரசி. ஓடிப்போய்விடலாம் என்றால் பெல்ட் விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார் சவரிராயன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜோஸ்பின் குனிந்து, சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"தெரியுங்கண்ணா" என்றாள்.

சவரிராயன் கண்ணைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்களா சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"தெரிஞ்சுமா என்னைப் போயி ஞானத்தகப்பனா வெச்ச?"

"வெக்கச் சொன்னதே அவருதாங்கண்ணா."