நாலு வைத்தியம், ஒரு தலை

தலை முழுக்க ரத்தப் புள்ளிகளோடு ஓடிவந்த ஹெர்னானைப் பார்த்ததும் நர்ஸ் ஸ்ட்ரெச்சரை இழுத்தாள்.

"எனக்கு அடி எதுவும் இல்ல சிஸ்டர். முடி வளர மண்டையில ஊசி உருளை உருட்டிட்டிருந்தேன், பாதியில போன் வந்துச்சு. நெலிதாவோட அண்ணன் நான். ரத்தம் குடுக்க வந்திருக்கேன்."

சிக்லாயோ ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் வீட்டு ஆட்கள்தான் வந்து கொடுக்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணி நெலிதாவுக்குக் காலையிலிருந்து உதிரப்போக்கு. அவளுடையது ஓ நெகட்டிவ். பெரூ முழுக்கத் தேடினாலும் லேசில் சிக்காது. அண்ணன்கள் இருவருக்கும் அதே வகை என்பதுதான் ஒரே ஆறுதல்.

நர்ஸ் படிவத்தை நிரப்பினாள். "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"தலைக்குத்தான். தினம் நுரை மருந்து, வாரம் ஒருதரம் இந்த ஊசி உருளை. மூணு மாசத்துக்கொருக்கா என் ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு மண்டையில குத்துவாங்க. அப்புறம் ஒரு மாத்திரை. நாலும் சேர்ந்தாத்தான் கேக்கும்னு டாக்டர் சொன்னார்."

பேனா நின்றது. "மாத்திரை பேரு?"

சொன்னான்.

"அது ரத்தத்துல மாசக்கணக்கா தங்கும். வயித்துல இருக்கறது ஆண் குழந்தைன்னா உறுப்பு சரியா வளராமப் போகலாம்."

"பையன்னுதான் சொல்லியிருக்காங்க. இன்னிக்கே நிறுத்திடறேன் சிஸ்டர்."

"ஆறு மாசம் கழிச்சு வாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தாழ்வாரத்தில் நின்று தம்பிக்குப் போன் போட்டான். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "என் ரத்தம் ஆகாதாம்டா. நீ உடனே வா."

தம்பி தாதெயோ அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருப்பவன். அண்ணனைவிடப் பெரிய வழுக்கை. அதைப் பற்றிக் கவலையே இல்லாதவன் என்று தெருவில் பேர். எலுமிச்சையில் ஊறவைத்த மீன் விற்கும் செவிச்சே கடையை அப்படியே போட்டுவிட்டு, அந்த வாடையும் சமையல் தொப்பியுமாக வந்து சேர்ந்தான்.

"ஏன்ணே, மண்டைக்கு ஊத்தின ரத்தத்துல தங்கச்சிக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாமே. அந்த ஊசி எழவெல்லாம் வேஸ்ட்டுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மாத்திரை மட்டும் போதும்."

ஹெர்னானுக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ள போடா."

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டே போனான். பிரசவ வார்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஒரு யூனிட் கிடைச்சாக்கூட ஆபரேஷனை ஆரம்பிச்சுடலாம். இன்னும் ஒரு மணி நேரம்தான் தாங்கும்."

"என் தம்பி உள்ள இருக்கான் டாக்டர். வந்துடும்."

இரண்டே நிமிடத்தில் கதவு திறந்தது. தாதெயோவின் முழங்கையில் பஞ்சு இல்லை, பிளாஸ்டர் இல்லை.

"என்னடா, எடுக்கலையா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மார்ச்லேர்ந்து உன் அலமாரி மாத்திரையை நானும்தான் முழுங்கிட்டிருக்கேன்ணே."