சாட்சிக்கு ஆர்லோ

"யோவ், கையை எடு! வண்டி மேல விரல் பட்டுச்சு, நடக்கறதே வேற!"

பக்கத்து வீட்டு லோர்னாவின் குரல். ஆர்லோ காபிக் கோப்பையோடு வாசலுக்கு ஓடிவந்தார். லோர்னா தன் குட்டிச் சிவப்பு மின்சாரக் காரின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். எதிரே ஒரு நீள லாரி. தொப்பி போட்ட ஒருவன் கையில் சங்கிலியோடு முழித்துக்கொண்டிருந்தான்.

ஆர்லோவுக்கு உடனே புரிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க இப்போது இதே கூத்துதான். இந்தக் கார்களைக் கம்பெனி யாருக்கும் விற்கவில்லை. மாத வாடகைக்குத்தான் கொடுத்தது. இப்போது 'யாருக்கும் பிடிக்கவில்லை' என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் அப்பளமாக நொறுக்கிக்கொண்டிருந்தது.

"விலைக்குக் கொடுங்க, கேட்டதைத் தர்றேன்னு நாலு கடிதாசி போட்டேன். ஒண்ணுக்காவது பதில் உண்டா? வேணும்னு சொல்றவ குத்துக்கல்லு மாதிரி இங்க நிக்கறேன். யாருக்கும் வேணாம்னு டிவியில எப்படிய்யா சொல்றீங்க?"

"மேடம், ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்கல்ல? அது முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சாம்! கையெழுத்து வாங்கும்போது மட்டும் என்ன சிரிப்பு, என்ன குழைவு! உன்னை மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் கொஞ்சுவீங்க, அப்புறம் அம்போன்னு விட்டுட்டுப் போயிடுவீங்க!"

"நீங்க எப்பவுமே இப்படித்தான் கத்துவீங்களா?"

"ஆமா, கத்துவேன்! கேக்க முடியலைன்னா காதைப் பொத்திக்கோ!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஆர்லோ வேலியைத் தாண்டி வந்தார். அவர் தெருமுனையில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். நாலு வருஷத்துக்கு முன் இந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து, "என்னம்மா, பொம்மைக் காருக்குச் சாவி கொடுத்தாச்சா?" என்று அவளைச் சீண்டாத நாள் கிடையாது. "பொம்மைக் கார் உங்க பங்க் பக்கம் வரலைன்னு ஏக்கமா?" என்று அவளும் விடமாட்டாள். இருந்தாலும், ஜம்மென்று ஓடுகிற வண்டியை நொறுக்குவது அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்பா, அவங்ககிட்டயே விட்டுட்டுப் போனா உங்க கம்பெனி குடியா முழுகிடும்?"

"பெரியவரே, நான் கூலிக்காரன். இன்னிக்கு நான் எடுக்கலைன்னா, நாளைக்குப் போலீசோட வருவாங்க. அப்ப இவங்க கையில விலங்கு மாட்டிட்டு எடுத்துட்டுப் போவாங்க. பரவாயில்லையா?"

லோர்னா காரின் முதுகை ஒருமுறை தடவினாள். விரித்த கைகள் மெல்ல இறங்கின.

"எடுத்துட்டுப் போ. ஆனா நான் தோத்துட்டேன்னு மட்டும் நினைக்காதே. ரசீது எழுதிக் கொடு. ஆர்லோ, நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. இந்த அநியாயத்தை ஒரு ஆளாவது பாத்திருக்கணும்."

ஆர்லோ தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தொப்பிக்காரன் காரில் உட்கார்ந்து, சாவிக்குப் பதிலாக இருந்த பொத்தான்களில் ஐந்து எண்களைத் தட்டினான். கார் சத்தமே இல்லாமல் லாரியில் ஏறியது.

மறுநாள் காலை லோர்னா வீட்டு வாசலில் இன்னொரு லாரி வந்து நின்றது. கம்பெனிச் சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"மேடம், மின்சாரக் காரை எடுக்க வந்திருக்கோம்."

லோர்னா ரசீதை நீட்டும்போதே ஆர்லோ பாய்ந்து வந்துவிட்டார்.

"என்னய்யா, விளையாடறீங்களா? நேத்துத்தானே தூக்கிட்டுப் போனீங்க!"

"நாங்க யாரையும் அனுப்பலையே சார். இது எங்க ரசீது மாதிரியும் இல்லையே."

"அனுப்பலையா? இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்யா! இந்தம்மா போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. இதோ, என் கையெழுத்து. நான் பெட்ரோல் விக்கறவன், இந்த வண்டிக்காகப் பொய் சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்து? நொறுக்கற அவசரத்துல எதை நொறுக்கினோம்னே உங்களுக்குத் தெரியலை. போங்க, போய் அந்தத் தகரக் குவியல்ல தேடுங்க!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தயங்கித் தயங்கிப் பட்டியலில் 'ஏற்கெனவே எடுக்கப்பட்டது' என்று எழுதினான். லாரி கிளம்பியது.

ஆர்லோ மூச்சு வாங்கத் திரும்பினார். லோர்னா வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் விக்கறவரைவிட நம்பகமான சாட்சி எனக்கு எங்க கிடைக்கும் ஆர்லோ? என் வண்டி இந்நேரம் பக்கத்து மாநிலம் நெவாடாவைத் தாண்டியிருக்கும்."

"அப்போ... நேத்து வந்தவன் யாரு?"

"என் முதல் புருஷன். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே பிரிஞ்சுட்டோம். தொப்பி ஒண்ணுதான் புதுசா வாங்கினோம், சண்டைக்கு ஒத்திகையே தேவைப்படலை."