வீரம்மா எடுத்த பாட்டு

"இந்த வாரமும் அதே பதிமூணாவது பாட்டுதானா வீரம்மா?"

செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் வாசலிலேயே மறித்துக் கேட்டாள் பிலோமினா.

"ஆமாங்கக்கா" என்றாள் வீரம்மா. பூண்டு மண்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். முந்தானையில் மலைப்பூண்டு வாசம் ஆளைத் தூக்கியது.

பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருப் பெண்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. கொடைக்கானல் கான்வென்டில் படித்தவள். 'திருப்பாடல்கள் வழியாக நம்பிக்கையில் வளர்வோம்' என்று பங்குச்சாமி கோயிலில் அறிவித்ததும், கூட்டத்தை வாரா வாரம் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவள். பைபிளிலிருந்து ஆளுக்கொரு திருப்பாடலை எடுத்து, அதிலிருந்து ஒரு வரியைத் தன் ஜெபமாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சோலி.

மற்றவர்கள் லட்சணமாகத்தான் எடுத்தார்கள். ஜெசிந்தாவுக்கு 'ஆண்டவர் என் ஆயர்' பாட்டு. ஜீப் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி சவரியம்மாளுக்குப் பாதுகாப்புப் பாட்டு. மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்துகிற பாட்டுக்கு மட்டும் அடிதடியே நடந்தது. கொடைக்கானலில் குடியிருந்துகொண்டு அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

இந்த வீரம்மாதான் சனியன் மாதிரி, "ஆண்டவரே, இன்னும் எத்தனை காலம் என்னை மறந்து இருப்பீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். வாரம் தவறாமல் இதே பல்லவி. அதுவும் அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்து. முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே டம்ளர் கழுவுகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். ஏழெட்டு டம்ளரைக் கழுவ அவளுக்கு அரைமணி நேரம்.

"உனக்கு அப்படி என்னதான் குறை? புருஷன் குடிக்கிறாரா?"

"அய்யோ, இல்லைங்கக்கா."

"மகன் சோறு போடலையா?"

"கவுஞ்சியில கேரட்டு போட்டிருக்கான். என்னைய ராணி மாதிரி வச்சிருக்கான்."

"பெறகு ஆண்டவர் உன்னை எங்க மறந்தாரு? வாங்கித் தின்னுட்டு அவர் மேலயே புகார் சொல்ற. நம்பிக்கை உள்ளவ பேசுற பேச்சா இது?"

வீரம்மா சிரித்தாள். "காது கேக்கிறவருன்னு நம்பித்தானேக்கா சண்டை பிடிக்கிறோம். சுவத்தோட யாராச்சும் சண்டை பிடிக்க ஏலுமா?"

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இத்தனை வருஷமாகியும் இந்த 'ஏலுமா, ஏலாது' போகவில்லை. இதில் எதிர்ப்பேச்சு வேறு என்று பிலோமினா உள்ளுக்குள் பொருமினாள்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே புகழ்ச்சிப் பாட்டு மட்டுந்தான். ஒப்பாரி வைக்கிறவங்க இந்த வீட்டுப் படியேற வேணாம். நம்பிக்கைன்னா என்னன்னு இந்த வீட்டைப் பாத்துக் கத்துக்கங்க. என் மருமக சத்தியபிரியாவுக்கு ஏழாம் மாசத்துல பிள்ளை வயித்துலயே போச்சு. இங்க ஒரு அழுகைச் சத்தம் கேட்டுச்சா? 'அழுதா ஆண்டவரை நம்பலைன்னு அர்த்தம்'னு ஒத்த வார்த்தைதான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கே உக்கார வச்சு நன்றிப் பாட்டு படிக்க வச்சேன். அதுக்கப்புறம் அவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் அவள் பேசியும் யாரும் கேட்டதில்லை.

"என்ன விசுவாசம்! உங்க வளர்ப்பு அப்படிங்கக்கா" என்றாள் ஜெசிந்தா.

பிலோமினா குளிர்ந்துபோனாள். அந்தக் குளிர்ச்சியோடு தன் புகழ்ச்சிப் பாட்டை ராகமாகச் சொன்னாள். அடுத்தடுத்த பெண்களும் ஆண்டவரைப் புகழ்ந்து தள்ளினார்கள். கடைசியில் வீரம்மாவின் முறை வந்தது.

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு வேற பாட்டு சொல்ல ஏலாதுங்கக்கா."

"எம்புட்டுக் கொழுப்பு பாருங்க!" பிலோமினா சபையைச் சாட்சிக்கு இழுத்தாள். "சொல்ல முடியாதுன்னா எந்திரிச்சு வெரசா கெளம்பு. அடுத்த வாரமும் இந்தப் பக்கம் வர வேணாம்."

வீரம்மா எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டக் குனிந்தாள்.

"ஆண்டவரே..."

குரல் உள்ளேயிருந்து வந்தது. பல நாள் பேசாத தொண்டைபோலக் கரகரத்தது.

"ஆண்டவரே, இன்னும் எத்தனை காலம்... என்னை மறந்து இருப்பீங்க?"

அடுப்படி வாசலில் டீத் தட்டோடு சத்தியபிரியா நின்றிருந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அடுத்த நொடி வாய்விட்டு அழுதாள். வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி வந்த அழுகை.

"ஏய், என்ன இது? எல்லாரும் இருக்கையில!" பிலோமினா பதறினாள். "இந்தப் பாட்டை உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது? இவதானே?"

வீரம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லா அழு தாயி. இந்த வீட்டுல என்னால வாயத் திறக்க முடியல, எனக்காக நீங்க சொல்லுங்கன்னு கேட்ட. நானும் வாராவாரம் சொன்னேன். இன்னைக்கு உன் வாயாலயே சொல்லிட்ட. இனிமே நான் எனக்குப் புடிச்ச புகழ்ச்சிப் பாட்டை எடுத்துக்கிறேன்."