முழுக்கை

“அசையாதே கண்ணு, ஊசி தோள்ல ஏறிடப் போகுது” என்றாள் தையல்காரம்மா. உதட்டில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பெண்ணின் சட்டைத் தோளை இழுத்துச் சரிசெய்தாள். தெரியாதவர்கள் பார்த்தால் தாயும் மகளும் என்றே நினைப்பார்கள்.

அரங்கத்தை ஒட்டிய சின்ன அறை அது. கதவுக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இந்த வருடத்து இளைஞர் தூதுவர் யார் என்று அறிவிப்பார்கள்.

போட்டியில் ஆறு பேர். ஆறு வாரமாக நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் ஓடியாடி உழைப்பதுதான் பரீட்சை. பள்ளிக்கூடத்து வளைவில் சிக்னல் விளக்கு போடுவதற்காகத் திரட்டிய நிதி அது.

போன மழைக்காலத்தில் அந்த வளைவில்தான் ஒரு ஸ்கூட்டர் மோதி எட்டு வயதுச் சிட்டு செத்துப்போனாள். வண்டியும் சறுக்கி விழுந்தது. ஓட்டியவர் எழுந்து, வண்டியை நிமிர்த்திக்கொண்டு போயேபோய்விட்டார். கொட்டுகிற மழையில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும்தான் தெரிந்தன. ஆணா பெண்ணா என்றுகூட யாராலும் சொல்ல முடியவில்லை.

சிட்டு, தையல்காரம்மாவின் ஒரே மகள்.

வண்டியை ஓட்டியது, இப்போது அவள் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்த இந்தப் பெண்.

வீட்டில் அப்பா மறுநாளே ஸ்கூட்டரை வெளியூரில் விற்றுத் தள்ளிவிட்டார். “இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அந்தக் குழந்தை திரும்பி வரப்போறதில்ல. நீயாவது எங்களுக்கு மிஞ்சணும்” என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரியில் அவள் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். நிதி எதற்கு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். கார் கழுவினாள், கேக் விற்றாள், நன்கொடையாக வந்த பழைய துணி மூட்டைகளைத் தும்மித் தும்மிப் பிரித்து அடுக்கினாள்.

“என்ன ஒரு நல்ல மனசு இந்தப் பொண்ணுக்கு!” என்று ஊர் மெச்சும். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருக்கும் அவளுக்கு.

எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது தையல்காரம்மாவின் பிரியம். ஆறு பேருக்கும் கூலி வாங்காமல் சீருடை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அளவெடுத்த அன்று, டேப் இவளுடைய முழங்கையில் இருந்த நீளமான தழும்பின் மேல் கொஞ்சம் நின்றது.

“எப்படிம்மா ஆச்சு?”

“வழுக்கி விழுந்துட்டேன்.”

தையல்காரம்மா டேப்பைச் சுருட்டினாள். “மத்தவங்களுக்கு அரைக்கை போதும். உனக்கு முழுக்கை வச்சாத்தான் எடுப்பா இருக்கும்” என்றாள்.

அதிலிருந்து எந்த நிகழ்ச்சி நடந்தாலும் கையில் ஒரு டிபன் டப்பாவோடு வந்துவிடுவாள். “சாப்பிட்டியா? முகமெல்லாம் வாடிக் கெடக்கு. ரெண்டு வாய் தின்னுட்டு அப்புறம் ஊரைக் காப்பாத்து” என்று பக்கத்திலேயே நிற்பாள்.

இப்போது கதவைத் தட்டி, விழாத் தலைவரான மருந்துக்கடைக்காரர் தலையை நீட்டினார். முகமெல்லாம் பல்.

“முடிவு என் பையில இருக்கு. நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனா நீ தலையைக் கொஞ்சம் வாரிக்கோம்மா” என்றார். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தூதுவர் பட்டையை அவ தோள்ல நீங்கதான் போட்டுவிடணும். மேடையில சிட்டுப் பாப்பா படத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சு.”

கதவு மூடிக்கொண்டது. பெண் தையல்காரம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாம்மா. நீங்க போட்டுவிடக் கூடாது.”

“ஏன்டா? பயமா இருக்கா?”

“அன்னைக்கு… அந்த ஸ்கூட்டரை ஓட்டினது நான்தான்.” சொல்லிவிட்டாள். இனி நிறுத்த முடியவில்லை. “பிரேக் பிடிச்சேன்மா, நிக்கல. பாப்பா என்னையே பாத்துட்டிருந்தா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. தூக்கியிருக்கணும். பயந்து ஓடிட்டேன்மா, ஓடிட்டேன்.”

வெளியே மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

தையல்காரம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பெண்ணும் கூடவே சரிந்தாள்.

“போலீசைக் கூப்பிடுங்கம்மா. நானே சொல்லிடறேன்.”

தையல்காரம்மா அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தழும்பைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும் கண்ணு. நீ என்கிட்ட சொல்லிட்ட. ஒரு நூல்கண்டுக்காக அவளை அந்த மழையில ரோட்டுக்கு விரட்டினேனே, அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?”